ஆவணப்படம் காட்டுகிறோம், கைதட்டுகிறார்கள், கலைந்துபோகிறார்கள்: அடுத்து என்ன செய்வது?

வாய்க்கால்கரை:

தோழர்களுக்கு வணக்கம். செப்டிக் டேங்க் மரணங்களைப் பற்றிய 26 நிமிட ஆவணப்படம் ஒன்றை, இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரு பேரூராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் திரையிட்டு வருகிறோம். இதுவரை மூன்று இடம் முடிந்திருக்கிறது. எண்பது, நூறு பேர் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறார்கள். முடிந்ததும் கைதட்டல். இரண்டு பேர் மைக்கைப் பிடித்து "நெஞ்சு கனத்துப்போச்சு" என்கிறார்கள். நன்றியுரை சொல்லி முடித்துவிடுகிறோம். முதல் திரையிடல் நடந்த அதே வார்டில், பதினைந்து நாளைக்குள் ஒரு வீட்டில் ஆளைத் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்காரர் நம் படத்தைப் பார்த்தவர்.

படம் முடிந்த பிறகு என்ன செய்தால் அது பழக்கத்தை மாற்றும்? அடுத்தது திறந்த மைதானம், அதற்கு என்ன கருவி, எவ்வளவு வேண்டும்? காவல் நிலைய அனுமதியை எப்படிக் கேட்பது? தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் ஏன் வருவதே இல்லை? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மூன்றாம்தெரு:

தோழர், படத்தைப் பார்த்தவருக்கு வருத்தம் வந்திருக்கிறது. என்ன செய்யக்கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. "மனிதரை இறக்காதீர்கள்" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்த நிமிடத்தில் ஆள் இறங்குகிறார், யார் சொல்லி இறங்குகிறார் என்று காட்டினால்தான் வீட்டுக்காரருக்கு அது தன் விஷயமாகத் தெரியும்.

பல வீடுகளில் அந்த நிமிடம் இப்படித்தான் வருகிறது. பத்துப் பதினைந்து வருடம் திறக்காத தொட்டி. அடியில் மண்டி களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும். லாரி வந்து குழாயைப் போட்டால் மேலே இருக்கும் தண்ணீரும் தளர்ந்த கசடும் வந்துவிடும். அடியில் இருக்கும் அரை அடி மண்டி வராது. லாரிக்காரர் குழாயைச் சுருட்ட ஆரம்பிப்பார். அப்போது வீட்டுக்காரர், "காசு முழுசா வாங்குறீங்க, அடி வரைக்கும் எடுத்துட்டுப் போங்க" என்பார். வாளியும் மண்வெட்டியும் கொடுத்து ஒருவரை இறக்குவார்கள். மண்டியைக் கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு வெளியே வரும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளேயே தங்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இப்ப இறங்கலாம்" என்பது அதனால்தான் அவ்வளவு ஆபத்தான பேச்சு. 700 பிபிஎம்மைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். தூக்கப் போகிறவர் இரண்டாவது ஆள், அவரைத் தூக்கப் போகிறவர் மூன்றாவது ஆள்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் சுடர் அணையும், அவ்வளவுதான். விஷவாயுவை அது காட்டாது. எரியும் வாயுவான மீத்தேன் இருந்தால் தொட்டியே தீப்பிடிக்கும்.

ஆகவே வீட்டுக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கடைசி மண்டியை விட்டுவிடுங்கள். அதை முழுக்க எடுக்க வேண்டிய அவசியமும் கிடையாது. அடியில் இரண்டு மூன்று அங்குலக் கசடு இருந்தால், புதிதாக வருவதை மட்கவைக்கும் பாக்டீரியா அதிலிருந்தே பெருகும். இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் முகமே மாறும், ஏனென்றால் காசு வீணாகிறது என்ற எண்ணம் போய்விடுகிறது. அதற்கு மேல் இறுகிக் கிடந்தால் தண்ணீர் ஊற்றி, நீளக் கழியால் மேலே நின்றே கலக்கி, லாரிக் குழாய் வழியாகவே கொஞ்சம் கழிவுநீரைத் திருப்பி அடித்துக் கரைத்து மறுபடி உறிஞ்சச் சொல்லலாம். லாரிக்காரர் கூடுதலாக அரை மணி நேரம் நிற்க வேண்டும், அதற்கான காசை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் மண்டி இறுகவே இறுகாது.

இனி திரையிடல். 26 நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். இயக்குநரிடம் கேட்டுக்கொண்டு, தொட்டி மூடியைத் திறக்கும் காட்சியில் நிறுத்துங்கள். மைக்கைக் கூட்டத்தில் கொடுத்து, "இந்த இடத்தில் வீட்டுக்காரர் என்ன சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருக்க மாட்டார்?" என்று கேளுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதியை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள், யாராவது ஒருவர் நிச்சயம் வாயைத் திறப்பார். ஐந்து நிமிடம் பேசிவிட்டு மிச்சத்தை ஓட்டுங்கள். முடிந்ததும் "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டீர்களானால் கூட்டம் படத்துக்கு மார்க் போட ஆரம்பித்துவிடும், கைதட்டல் அங்கிருந்துதான் வருகிறது. "உங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது, சிலருக்குத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பேச்சு அங்கிருந்துதான் வீட்டுக்குள் போகும்.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை, ஒரு நோட்டு, உரிமம் பெற்ற லாரிக்காரர் ஒருவர். பெயர், தெரு, தொட்டி கடைசியாகத் திறந்த வருடம், எந்த மாதம் எடுக்க விருப்பம், அவ்வளவு போதும். 6,000 லிட்டர் லாரி என்றால் சிறிய தொட்டி இரண்டை ஒரே நடையில் எடுக்கலாம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து பதிந்தால் நடைக்கூலி பங்காகும், இதை லாரிக்காரரையே மைக்கில் சொல்லவையுங்கள். லாரிக்காரர் வராத திரையிடலைத் தள்ளிவையுங்கள் என்பேன். மனம் இளகியிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பெயர் பதியாதவர் மறுநாள் பதிவது அபூர்வம்.

பலன் தெரிய வேண்டுமானால் படத்துக்கு ஒரு வாரம் முன்பே நாற்பது வீட்டில் மூன்று கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: கடைசியாக எப்போது எடுத்தீர்கள், யார் எடுத்தார்கள், ஆள் இறங்கினாரா. மூன்று மாதம் கழித்து அதே நாற்பது வீட்டுக்குப் போங்கள். படம் முடிந்த கையோடு கருத்துப் படிவம் கொடுப்பதால் பயனில்லை, எல்லோரும் "மிகவும் நன்று" என்றுதான் எழுதுவார்கள்.

மைக்செட்:

மைதானத்துக்கான கருவிகளைச் சொல்கிறேன். எதிரே நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் திரை 10 அடி அகலம், கிட்டத்தட்ட ஐந்தரை அடி உயரம் போதும். இருட்டு நன்றாக இருந்தால் 3,000 முதல் 3,500 லூமென் (வெளிச்ச அளவு) புரொஜக்டர் தாராளம். சாதாரண புரொஜக்டர் என்றால் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், 10 அடித் திரைக்கு 15 அடி. அதாவது புரொஜக்டர் கூட்டத்துக்கு நடுவில் வரும். அதற்கு ஒரு மேசையும், வயரை மிதிக்காமல் இருக்கச் சாக்கோ பாயோ மேலே விரிப்பதும் அவசியம். குழந்தைகள் இருட்டில் ஓடுவார்கள்.

இருட்டைக் கெடுப்பது தெருவிளக்கு. மைதானத்தின் மேல் விழும் விளக்கை இரண்டு மணி நேரம் அணைக்கச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் முந்தின நாளே பேசிவிடுங்கள். ஜூன் மாதம் ஏழு மணிக்கு முன் திரையில் எதுவும் தெரியாது, டிசம்பரில் ஆறரைக்கே தொடங்கலாம்.

திரைக்குக் காடாத் துணி இரண்டு அடுக்கு. பின்னால் கறுப்புத் தார்ப்பாய் கட்டுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் துணி வழியே ஊடுருவிப் போய்விடும். துணியின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மூங்கில் நுழையும் அளவு குழாய் மாதிரி மடித்துத் தைத்துவிட்டால் சுருக்கம் விழாது. கீழ் மூங்கிலைச் செங்கல்லில் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றில் திரை பாய்மரம் மாதிரி உப்பி, படத்தில் இருப்பவர் முகம் நெளியும். திரையின் அடி தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்தால்தான் பின்வரிசைக்குத் துணையெழுத்து தெரியும்.

படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்துபோவார்கள். குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அதில் கூச்சல்தான் கேட்கும், ஒரு விதவை தாழ்ந்த குரலில் பேசுவது கேட்காது. 200, 300 வாட் பெட்டி ஸ்பீக்கர் இரண்டைத் திரைக்கு இருபுறமும், உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள். ப்ளூடூத்தில் இணைத்தால் உதட்டசைவும் ஒலியும் விலகும், வயரே நல்லது. லேப்டாப் சார்ஜர் மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப்பையும் மைக் செட்டையும் ஒரே பிளக் பாயின்ட்டில் இருந்து எடுங்கள். அப்படியும் போகாவிட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

கரண்ட் போனால் விளக்கு வைத்த பழைய புரொஜக்டர் உடனே திரும்ப எரியாது, ஆறுவதற்குச் சில நிமிடம் ஆகும், அதற்குள் கூட்டம் பாதி கரைந்துவிடும். 850 விஏ சைன்வேவ் இன்வர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் முதலிலிருந்தே இணைப்பில் இருக்கட்டும். ஜெனரேட்டர் எடுத்தாலும் நேராக மாட்டாமல் இன்வர்ட்டர் வழியாக மாட்டுங்கள், வோல்டேஜ் ஏறி இறங்கும்.

படத்தை யூடியூபில் ஓட்ட நினைக்காதீர்கள். சுற்றிக்கொண்டே நிற்கும், மரணக் காட்சிக்கு நடுவில் விளம்பரம் வரும். இயக்குநரிடம் எம்பி4 கோப்பாக வாங்கி, லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வையுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. மதியமே மைதானத்தில் முழுப் படத்தையும் ஒலியோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நிழற்சாலை:

மாற்றுக் கருத்து ஒன்று. மைதானத் திரையிடலுக்கு ஆகும் செலவில், நான்கு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் இன்னும் அதிகம் பேர் பார்ப்பார்களே? லாரி வைத்திருப்பவர்கள், கொத்தனார்கள், பிளம்பர்கள் எல்லோரும் தனித்தனிக் குழுவில் இருக்கிறார்கள். 16 எம்பிக்குள் இருந்தால் பழைய போனிலும் சிக்கலில்லாமல் போகும்.

மூன்றாம்தெரு:

கொத்தனாருக்கும் லாரி டிரைவருக்கும் அது சரியான வழி, நானும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் மாலையில் மைதானத்துக்கு வர மாட்டார்கள். கொத்தனாருக்கான துண்டில் வேறு செய்தி வேண்டும்: மூடியை கான்கிரீட் போட்டுப் பூசி மூடாதீர்கள், லாரிக் குழாய் நுழையும்படி ஒவ்வொரு அறைக்கும் திறப்பு வையுங்கள். ஆனால் இயக்குநர் சம்மதம் இல்லாமல் வெட்டக் கூடாது. இன்னொன்று, வீட்டுக்காரர் போனில் தனியாகப் பார்த்தால் தனியாகவே மறந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் "என் வீட்டில் இறக்க மாட்டேன்" என்று சொன்னவருக்கு அடுத்த முறை இறக்கக் கூச்சம் இருக்கும். அதற்காகத்தான் ஒன்றாக உட்காரவைக்கிறோம்.

மனுதாரர்:

அனுமதி விஷயம். காவல் நிலையத்துக்கு ஏழு நாள் முன்னதாக இரண்டு பிரதியில் மனு எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இடம், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி வகை, பொறுப்பாளர் பெயர் இருக்கட்டும். இட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை இணையுங்கள், அது பள்ளியாக இருந்தாலும் ஊராட்சியாக இருந்தாலும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஒன்பது மணிக்கு முடியும் என்றே எழுதுங்கள்.

சிக்கல் எங்கே வருமென்றால் தணிக்கைச் சான்றிதழில். 1952 ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும், ஆவணப்படமும் அதில் அடக்கம். 2017-ல் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பல ஊர்களில் திரையிட விடவில்லை, பிறகு அது யூடியூபில் வந்தது. உங்கள் படத்துக்குச் சான்றிதழ் இருந்தால் நகலை மனுவோடு வையுங்கள். இல்லாவிட்டால் மைதானத்தை விட்டுவிட்டு, மண்டபத்தில் பெயர் எழுதிய அழைப்பிதழோடு, வருகைப் பதிவேட்டோடு, கட்டணம் இல்லாமல் உறுப்பினர் கூட்டமாக நடத்துங்கள். இதற்கும் தடை வரலாம், ஆனாலும் அப்போது வாதாட உங்கள் கையில் காகிதம் இருக்கும்.

உங்கள் துண்டறிக்கையில் இழப்பீடு 10 லட்சம் என்று இருந்தால் திருத்திவிடுங்கள். 10 லட்சம் என்பது 2014 மார்ச் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் மரணத்துக்கு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம் என்று உயர்த்திவிட்டார்கள். பழைய தொகையைப் படித்த குடும்பம் பழைய தொகைக்கே கையெழுத்துப் போட்டுவிடும், அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

வீட்டுக்காரருக்கு, மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் பிரிவு 7-ஐயும் 9-ஐயும் சொல்லுங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் வரை. "ஒப்பந்தக்காரர்தான் ஆளைக் கூட்டிவந்தார்" என்று சொல்லி வீட்டுக்காரர் தப்ப முடியாது. மரணம் நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் கவனக்குறைவு என்று மட்டும் போடாமல் இந்தப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கேட்க வேண்டும். செப்டிக் டேங்க், சாக்கடை சுத்தம் பற்றிப் புகார் சொல்ல உதவி எண் 14420. திரையில் போடும் முன் உங்கள் ஊரிலிருந்து அழைத்துப் பாருங்கள், யார் எடுக்கிறார்கள், எங்கே இணைக்கிறார்கள் என்று.

வேப்பமரம்:

பணியாளர் குடும்பங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள், அக்கறையான கேள்வி. முதலில், திரையை எங்கே கட்டினீர்கள்? கோயில் திடலில் கட்டினால் காலனியிலிருந்து வருபவர்கள் ஓரத்தில் நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். காலனியில் கட்டினால் ஊர்த்தெருக்காரர்கள் வர மாட்டார்கள். இரு தரப்பும் தயக்கமில்லாமல் நடந்து வரும் இடம் பெரும்பாலும் அரசுப் பள்ளி மைதானம், இல்லையென்றால் ரேஷன் கடைக்கு முன்னால் உள்ள வெளி. பாய் விரிக்கும்போதே கவனியுங்கள், யார் முன்னால் உட்காருகிறார்கள், யார் பின்னால் நிற்கிறார்கள் என்று. நாற்காலி சிலருக்கு மட்டும் என்றால் யாருக்கும் வேண்டாம், எல்லோரும் பாயில்.

இரண்டாவது, வீட்டுக்காரருக்குக் காட்டும் படத்தை அப்படியே அவர்களுக்குக் காட்டாதீர்கள். தங்கள் வீட்டு ஆண் கழிவில் முங்கி எழுவதை ஊரே பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை! அவர்களுக்குத் தனியாக, பகலில், இருபது பேருக்குள் காட்டுங்கள். பேச்சு இழப்பீடு, அடையாள அட்டை, மறுவாழ்வுத் திட்டம், "இறங்க மாட்டேன்" என்று சொன்னால் அன்றைய கூலி எங்கிருந்து வரும் என்பதாக இருக்கட்டும். கூலிக்குப் பதில் சொல்லாமல் இறங்காதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. லாரிக்காரரோடு பேசி, குழாய் பிடிப்பது, மேலிருந்து கலக்குவது ஆகியவற்றுக்கு அதே ஆட்களை அதே கூலிக்கு வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

உங்கள் பகுதியில் இறந்தவர் குடும்பம் இருந்தால், தேதி குறிக்கும் முன் அவர்கள் வீட்டுக்குப் போய் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். 1967-ல் கனடாவின் ஃபோகோ தீவில் இயக்குநர் காலின் லோ எடுத்த 27 குறும்படங்களை முதலில் தீவு மக்களிடமே காட்டினார்கள், வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிட அவர்களுக்கு உரிமை இருந்தது. அதன் பிறகுதான் அரசாங்கத்துக்குப் போனது. தீவு மக்களை வேறிடத்தில் குடியமர்த்த அரசாங்கம் முயன்ற நேரம் அது. அந்த மக்கள் அங்கேயே தங்கி மீனவர் கூட்டுறவு அமைத்தார்கள். அந்த வரிசைமுறையை நாமும் பின்பற்றலாம். அந்தக் குடும்பத்தை மேடையேற்றி அழவைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

பள்ளியில் திரையிட்டால் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்கப்பா இந்த வேலைதானே" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேட்கக் கூடாது.

வாய்க்கால்கரை:

மிக்க நன்றி தோழர்களே. நாங்கள் மூன்று முறையும் கோயில் திடலில்தான் கட்டினோம், காரணம் இப்போது புரிகிறது. சான்றிதழ் இருக்கிறது. அடுத்த திரையிடலை அரசுப் பள்ளி மைதானத்தில், லாரிக்காரரோடு வைக்கிறோம். ஊராட்சியைக் கட்டுப்படுத்த ஏதாவது வழி இருக்கிறதா?

மனுதாரர்:

இருக்கிறது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள். அதற்குப் பத்து நாள் முன்னதாகத் திரையிடலை வையுங்கள். படம் பார்த்தவர்களில் பதினைந்து பேராவது சபைக்கு வந்து இந்தத் தீர்மானத்தைக் கேட்க வேண்டும்:

"இவ்வூராட்சி எல்லைக்குள் எந்தத் தொட்டியிலும் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதில்லை என இச்சபை தீர்மானிக்கிறது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதிவைக்கப்படும். எடுக்கப்படும் கசடு சுத்திகரிப்பு நிலையத்திலேயே கொட்டப்பட வேண்டும். புதிய வீடுகளுக்கு அனுமதி கேட்கும்போது தொட்டித் திறப்பு வரைபடத்தில் காட்டப்பட வேண்டும்."

கசடு பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் லாரி ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும், அடுத்த சபையில் ஊரே லாரியை எதிர்க்கும். 2017-ல் செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் தொடங்கி இப்போது பல இடங்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. உங்களுக்கு எது பக்கம் என்று பேரூராட்சியில் கேட்டு, தூரத்தை லாரிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள், நடைக்கூலி அதைப் பொறுத்துத்தான்.

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, எண்ணும் தேதியும் குறித்துக்கொண்டு வாருங்கள். நகலுக்கு அன்றே எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதி வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போகட்டும்.